லே-ஆஃப் என்று நான் எழுதிய நாட்கள்

பேளுக்குறிச்சியைத் தாண்டி இருந்த ஒரு நூல்மில்லில் பதினோரு வருடம் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று பதிவேட்டில் எழுதுவது என் வேலை. கொல்லிமலையிலிருந்து தினமும் மில் வேன் ஒன்று இறங்கும். மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம்; திருப்புலி நாட்டில் நான் ஏறுவேன். வழியில் ஏறுகிறவர்களையும் சேர்த்தால் முப்பது பேர். பெரும்பாலும் பெண்கள். அவர்களில் பாதிப் பேரை மில்லில் சேர்த்துவிட்டது நான்தான். ஆள் வேண்டும் என்று மேனேஜர் சொன்னால் ஊர் ஊராகப் போய், வேன் வரும், பி.எஃப். பிடிப்பார்கள், பயப்படாமல் வாருங்கள் என்று கூட்டிவருவேன்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் பெரக்கரை நாட்டைச் சேர்ந்த ஒரு அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். நூற்கும் எந்திரத்தில் அறுந்த இழையை ஒட்டும் வேலை. வேனில் எனக்குப் பின் சீட்டில் உட்காருவார். வளைவுகளில் மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வர, அவர் மட்டும் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்குவார்.

ஒரு தீபாவளிக்குப் பிறகு சம்பளம் தள்ளிப்போக ஆரம்பித்தது. முதலில் பத்து நாள், அப்புறம் ஒரு மாதம், பிறகு வரவே இல்லை. அந்தச் சமயத்தில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“பேங்க்ல இருந்து வந்து கணக்குப் பாக்கறாங்க. சம்பள பாக்கி பெருசாத் தெரிஞ்சா கடன் குடுக்க மாட்டாங்க. மலை ஆளுங்களுக்கு வாரத்துல மூணு நாள் லே-ஆஃப்னு போட்டுருங்க. கடன் வந்ததும் எல்லாத்தையும் சேத்துக் குடுத்தரலாம்.”

வேலை இல்லை என்று மில்லே ஆட்களை நிறுத்திவைக்கிற நாள்தான் லே-ஆஃப். அன்றைக்குப் பாதிச் சம்பளம்கூட நிச்சயமில்லை. எங்கள் ஆட்களோ எல்லா நாளும் வந்து எந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்குப் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். புரிந்தே எழுதினேன். ஐந்து மாதம் எழுதினேன்.

அந்த ஐந்து மாதமும் திங்கட்கிழமைதோறும் அந்த அக்கா என் மேசைக்கு வந்து நிற்பார். “ஏனுங்க சார், இந்த வாரமாச்சும் சம்பளம் வருமுங்களா?”

“வரும்க்கா. நீங்க நாள் தவறாம வாங்க. வராதவங்களுக்குத்தான் சிக்கல்.”

என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு, “சரீங்க” என்று போய்விடுவார். காய்ச்சலோடு வந்த நாளும் உண்டு. அன்றைக்கும் அவர் பெயருக்கு நேராக லே-ஆஃப் என்று எழுதினேன்.

ஒரு நாள் காலையில் வேன் போய் நின்றபோது மில் கேட் பூட்டியிருந்தது. உள்ளே ஒரு எந்திரமும் ஓடவில்லை. அத்தனை வருடத்தில் அந்தச் சத்தம் இல்லாமல் அந்த இடத்தை நான் கண்டதில்லை. மதியம் வரை நின்றுவிட்டு மலையேறினோம்.

எட்டு மாதம் கழித்து அந்த அக்கா இறந்துபோனார். நெஞ்சில் சளி கட்டி நாமக்கல் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தாராம். சாவுக்குப் புறப்பட்டவன், அவர் ஊருக்கு ரோடு பிரியும் இடம் வரை போய் ஒரு மரத்தடியில் நின்றேன். பறைச் சத்தம் கேட்டது. அங்கிருந்தே திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அது தொடங்கியது. மலை பஸ் வளைவில் திரும்பும்போது, என் முதுகுக்குப் பின்னால் யாரோ தூக்கத்தில் மூச்சு விடுவது கேட்கும். திரும்பினால் முன்பின் தெரியாதவர் இருப்பார், அல்லது சீட் காலியாக இருக்கும். பனி இறங்கிய காலையில் செம்மேடு பஸ் ஸ்டாண்டில் தலையில் துண்டு கட்டிய பெண் யார் நின்றாலும், அவர் என்னிடம் வந்து சம்பளம் கேட்கப்போகிறார் என்று கூட்டத்துக்குள் ஒதுங்கிவிடுவேன். பஸ்ஸில் பின்னால் யாரும் இல்லாத கடைசி சீட்டாகப் பார்த்து உட்கார ஆரம்பித்தேன். “ஏன் இப்படிக் கடைசிக்குப் போறீங்க?” என்று என் மனைவி கேட்டாள். வாந்தி வருகிறது என்று சொன்னேன்.

அப்போது நான் பேளுக்குறிச்சியில் ஒரு பாய் வைத்திருந்த மிளகுக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவர் பேப்பரை என் பக்கம் திருப்பினார். “ஏனுங்க, இது உங்க மில்லுங்களா?”

மில் திவாலாகிவிட்டது, சொத்தை விற்றுப் பங்கிட கோர்ட் ஒரு அதிகாரியை நியமித்திருக்கிறது, பாக்கி வரவேண்டியவர்கள் குறித்த நாளுக்குள் எழுதிக் கேட்கலாம் என்று விளம்பரம். மலையில் அதை யாரும் பார்த்திருக்கவில்லை. நான் ஊர் ஊராகப் போய், பாஸ்புக் நகலும் ஆதாரும் வாங்கி, எல்லோருக்கும் படிவம் எழுதினேன். இறந்துபோன அக்காவுக்காக அவர் கணவரிடம் கையெழுத்து வாங்கினேன். வாரிசுச் சான்றிதழுக்கு அவரோடு தாலுகா ஆபீஸுக்கு நாலு நடை நடந்தேன்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் எல்லோரையும் உட்காரவைத்து நான்தான் படித்துச் சொன்னேன். கடைசி ஐந்து மாதத்தில் பாதி நாட்கள் லே-ஆஃப் என்று மில் பதிவேட்டில் இருக்கிறது, வேலை செய்த நாட்களுக்கு மட்டுமே பாக்கி ஏற்கப்படும்.

ஒரு பெண் கேட்டார்: “லே-ஆஃப்னா என்னங்க?”

“வேலைக்கு வர வேண்டாம்னு சொன்ன நாளுங்க.”

“எங்கள யாருங்க வர வேண்டாம்னு சொன்னது?”

விசாரித்துச் சொல்கிறேன் என்று காகிதத்தை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அந்த அக்காவின் கணவர் என்னோடு ரோடு வரை நடந்து வந்தார். மரவள்ளிக் காடு தாண்டியதும் மெதுவாகச் சொன்னார்: “அவளுக்குத் தெரியுமுங்க.”

“என்னங்க தெரியும்?”

“பொஸ்தகத்துல நீங்க மாத்தி எழுதறது. அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. உங்க மேசைகிட்ட வந்து நிக்கறப்பப் பாத்திருக்கா.”

“அப்புறம் ஏன் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல?”

“வாரா வாரம் கேட்டாளாமே. ‘அவரா வாயத் தொறந்து சொல்லுவாருன்னு பாக்கறேன்’னு சொல்லுவா.”

அவர் குரலில் கோபம் இல்லை. அவ்வளவுதான் சொன்னார். பிறகு மழை வரும்போல இருக்கிறது என்றார்.

அடுத்த நாள் வேன் டிரைவரைப் பார்த்தேன். வேன் அவருடையது; மில் தரவேண்டிய வாடகைக் கணக்குக்காக ஒரு நோட்டு வைத்திருந்தார். எந்த நாள், எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று அதில் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு கோயம்புத்தூரில் இருந்த அந்த அதிகாரியின் ஆபீஸுக்குப் போனேன். ஒரு இளம்பெண் பதிவேட்டைத் திறந்து என் முன்னால் வைத்தாள்.

“இது உங்க கையெழுத்துங்களா?”

“ஆமாங்க.”

“இதெல்லாம் பொய்னு எழுதித் தரப்போறீங்க. நாளைக்கு உங்க மேலயே கேஸ் வரலாம். தெரியுமா?”

“தெரியுங்க.”

முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் சொன்னதையும் எழுதினேன், நான் சம்மதித்ததையும் எழுதினேன். ஊருக்கு வந்து அதே மைதானத்தில் எல்லோருக்கும் சொன்னேன். யாரும் திட்டவில்லை. ஒரு அம்மா எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு போனார். இன்றுவரை அவர் என்னோடு பேசுவதில்லை.

மில் நிலமும் எந்திரமும் விலைபோக ஒன்றரை வருடம் ஆனது. எல்லா நாளையும் ஏற்றுக்கொண்டார்கள். கேட்டது முழுதும் கிடைக்கவில்லை, பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. என் மேல் கேஸ் எதுவும் இதுவரை வரவில்லை. அந்த அக்காவின் கணவர் வந்த பணத்தை மகளின் நர்சிங் படிப்புக்குக் கட்டினார். சந்தையில் என்னைக் கண்டால் மிளகு விலை கேட்பார். வேறு எதையும் கேட்டதில்லை. எனக்கு வந்த பாக்கியில் அடகு நகையை மீட்டேன்.

பஸ்ஸில் அந்த மூச்சுச் சத்தம் நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். நிற்கவில்லை.

மில்லை வாங்கியவர்கள் அந்த இடத்தில் ஒரு கம்பெனி தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய சூப்பர்வைசர் மிளகுக் கடைக்கே வந்து, மலையிலிருந்து பத்துப் பேரைக் கூட்டிவரச் சொன்னார். என்னால் ஆகாது என்றேன். ஆனால் எங்கள் ஊர்ப் பெண்கள் நாலு பேர் தாங்களாகவே கேள்விப்பட்டு என் வீட்டுக்கு வந்தார்கள்.

“போலாமுங்களாண்ணா?”

“போங்க கண்ணு. ஒரு மாசம் சம்பளம் நின்னுச்சுன்னா அடுத்த நாள் போகாதீங்க. யாரு சொன்னாலும் போகாதீங்க.”

தலையாட்டிவிட்டுப் போனார்கள். இப்போது தினமும் காலையில் அவர்களை ஏற்றிக்கொண்டு வேன் இறங்குகிறது. ஏழாம் தேதி வந்தால், சம்பளம் போட்டுவிட்டார்களா என்று அவர்களில் யாரையாவது தேடிப்போய்க் கேட்கிறேன். வந்துவிட்டது என்று அவர்கள் சொல்லும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை.