அக்காவுக்காகப் பிடித்த சுருட்டு

அக்கா ஐந்து மாதக் கர்ப்பிணியாயிருந்தபோது, ஆனி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, எங்கள் பகுதி மருத்துவிச்சியான மிட்வைவ் மண்கும்பானில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கும் முன்பே மூக்கைச் சுருக்கினார்.

"என்ன, சுருட்டோ?"

"ஒண்டுதான். பொழுதுபட."

"ஏற்கெனவே ரண்டு தங்கேல்லை. இதாவது தங்கவேணுமெண்டால் இண்டையோட விடுங்கோ."

அக்கா தலையாட்டினாள். ஸ்கூட்டர் ஒழுங்கையைத் தாண்டியதும் என்னிடம், "ஏலாதடி" என்றாள்.

புகையிலை ஏக்கம் சில நிமிடங்களில் தணிந்துவிடும் என்று எங்கோ வாசித்ததைச் சொன்னேன். அவளுடைய சிக்கல் அது அல்ல. எங்கள் அம்மா சுருட்டுப் பிடித்தவர். அவர் செத்து எட்டாம் நாள் செய்த எட்டுச் செலவன்று, படையலில் அவருக்கு வைக்கவேண்டிய சுருட்டு காற்றில் பற்றாமல் போக, அக்கா வாயில் வைத்து இழுத்துப் பற்றவைத்தாள். அன்று தொடங்கியது. பின்வேலியோரம் குந்தியிருந்து பிடிக்கும்போது அம்மா பக்கத்தில் வந்து இருப்பதாக அவள் நம்பினாள். சுருட்டை விட்டால் அம்மாவையும் விடவேண்டும்.

"அப்ப நான் பிடிக்கிறன்" என்றேன். "அம்மா சொல்லுறதை வந்து உங்களுக்குச் சொல்லுறன்."

மறுநாளே தொடங்கினேன். பொழுதுபட ஆறேகால். காற்றுத் திசை பார்த்து, வீட்டுக்குப் புகை போகாத மூலையில் இருந்தேன். இருமினேன், சத்தியெடுத்தேன். அம்மா வரவில்லை. ஒவ்வொரு நாளும் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, அம்மா சொன்னதாக ஏதாவது கட்டிவிடுவேன்.

"கவலையை விட்டு உடம்பைப் பேணட்டாம்."

அக்கா சிரித்தாள். "அம்மா ஒருக்காலும் இப்பிடிக் கதைக்கமாட்டா. இது நீ படிச்ச புத்தகம் கதைக்குது."

ஆனாலும் அவள் சுருட்டைத் தொடவில்லை. மிட்வைவ் வயிற்றை அளந்துவிட்டு, வளர்த்தி காணும், குறைவில்லை என்றார்.

ஆவணியில், காற்று விழுந்து புழுங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை, வழமைபோல் திரும்பி வந்தேன். கோழிக்கூட்டைப் பற்றி ஏதோ சொல்ல நினைத்திருந்தேன். என் வாயில் வந்தது வேறு.

"ரண்டாவது பிள்ளையைப் பூவரசுக்குக் கீழ தாட்டது சரியில்லையாம். அதில வெயில் படுதாம்."

அக்காவின் கையிலிருந்த சுளகு சரிந்து அரிசி சிந்தியது.

"உனக்கு ஆர் சொன்னது?"

எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை கலைந்தபோது நான் கொழும்பில் இருந்தேன். ஆசுப்பத்திரியிலேயே விட்டதாகத்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்; வளவில் புதைத்ததாக அல்ல.

"தா" என்று கையை நீட்டினாள். "ஒரே ஒரு இழுப்பு. நான் கேக்கவேணும்."

மடியில் மிச்சமிருந்த சுருட்டுக் கட்டை முழுவதுமாகக் கிணற்றில் எறிந்தேன். விடிந்ததும் பூவரசின் கீழ் ஓலைப் பந்தல் ஒன்று போட்டுவிட்டு வந்தேன். பின்னேரம் கடைக்குப் போய் வேறு கட்டு வாங்கினேன். அக்காவுக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசியில் பெண்பிள்ளை பிறந்தது. நிறை குறைவில்லை. மிட்வைவ் பிள்ளையைத் திருப்பிப் பார்த்து, "கெட்டிக்காரி, விட்டிட்டியள்" என்றார் அக்காவிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "உம்மிலயெல்லோ மணக்குது. பிள்ளையைத் தூக்காதையும்."

நான் இன்னும் விடவில்லை. ஆறேகாலுக்கு நான் பின்வேலிப் பக்கம் எழும்பினால் அக்கா பிள்ளையோடு அறைக்குள் போய் யன்னலைச் சாத்துகிறாள். புகை பிள்ளைக்குக் கூடாது, அது சரி. ஆனால் நான் குளித்து, உடுப்பு மாற்றி வந்து தட்டும்போதும் அவள் திறப்பதில்லை.

"சொல்லாதை" என்கிறாள் உள்ளேயிருந்து. "பிள்ளையைப் பற்றி அம்மா என்ன சொன்னவ எண்டு மட்டும் சொல்லாதை."