ஒரு பொத்தான் அதிகம்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்களில், தாம்பரத்தை அடுத்த சேலையூரில் ஒரு வீட்டின் முன் போர்ஷனை வாடகைக்கு எடுத்து, சின்னதாக ஒரு மழலையர் பள்ளி நடத்திவந்தேன். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். மதியத்துக்குள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

தினமும் காலையில் ஒரு விளையாட்டு உண்டு. சிரிக்கிற முகம், அழுகிற முகம், பயந்த முகம் வரைந்து ஒட்டிய மூன்று கிண்ணங்களை வைப்பேன். மனசு எப்படி இருக்கிறதோ அந்தக் கிண்ணத்தில் ஆளுக்கொரு சட்டைப் பொத்தானைப் போட வேண்டும். பிறகு எல்லோரும் சேர்ந்து உரக்க எண்ணுவோம். எண்ணவும் வந்துவிடும், எந்தப் பிள்ளைக்கு என்ன மனக்குறை என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு ஐப்பசியில் கணக்கு இடிக்க ஆரம்பித்தது. எப்போதும் ஒரு பொத்தான் அதிகம். கவனித்ததில், நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி தனக்கொன்றைச் சிரிப்பில் போட்டுவிட்டு, இன்னொன்றைப் பயத்தில் போடுவது தெரிந்தது. ஆளுக்கு ஒன்றுதான் என்று எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை. இது யாருக்கு என்று கேட்டேன்.

"அந்தப் பாப்பாவுக்கு மிஸ்" என்று வெறும் சுவரைக் காட்டினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பின் போர்ஷன். நான் பார்த்த நாளெல்லாம் அதன் கதவில் பூட்டுதான் தொங்கும். யாரும் குடியில்லை என்றே நினைத்திருந்தேன். சிரித்துச் சமாளித்தேன். ஆனாலும் அதற்குப் பிறகு அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார எனக்குப் பிடிக்கவில்லை.

சில நாள் கழித்து நல்ல மழை. வந்ததே மூன்று பிள்ளைகள்தான். கரண்ட் போய், ஃபேன் நின்று, அறை இருண்டு கிடந்தது. அந்தச் சிறுமி வழக்கம்போல இரண்டு பொத்தான் போட்டாள். அந்தப் பாப்பாவுக்குப் பயம் என்று உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"இடி இடிச்சா வேகமா தட்டுது மிஸ்."

சொல்லிவிட்டு, சுவரில் விரல் முட்டியால் மூன்று முறை தட்டினாள். சற்றுப் பொறுத்து, சுவர் மூன்று முறை தட்டியது.

பிள்ளைகள் யாரும் பயப்படவில்லை. நான் ஐந்து தட்டினேன். நிதானமாக, ஒன்று பிசகாமல், ஐந்து திரும்பி வந்தது. எலியாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. எலிக்கு எண்ணத் தெரியாதே.

பிள்ளைகளையும் குடைக்குள் சேர்த்துக்கொண்டு பின்பக்கம் போனேன். கதவில் பூட்டு. ஜன்னல் உள்ளே தாழிட்டிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன், சத்தமில்லை. என் கையைப் பிடித்திருந்த சிறுமி எக்கி, ஜன்னலில் இரண்டு தட்டு தட்டினாள். தாழ் மெல்ல விலகியது. இருட்டுக்குள் இரண்டு கண்கள். அவள் வயதுதான் இருக்கும், ஒரு பெண் குழந்தை.

மதியம் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அன்று சாயங்காலம் வரை அந்த ஜன்னலோரமே இருந்தேன். கம்பி வழியாக பிஸ்கெட்டும் தண்ணீரும் கொடுத்தேன். இருட்டுகிற நேரத்தில் குழந்தையின் அம்மா வந்தாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை, விடிந்ததும் போய்விடுபவள், புருஷன் இல்லை. என்னைப் பார்த்ததும் பூட்டைத் திறக்காமல் கதவை மறைத்து நின்றாள்.

"போலீசுக்குச் சொல்லிடாதீங்க மிஸ். அதுக்குப் பேச்சு வராது. எவனாச்சும் தூக்கினு போனாக்கூட கத்தத் தெரியாது. அதான் பூட்டிக்கினு போறேன்."

கோபமாகக் கேட்க நினைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது. உங்கள் மகள் ஐந்து வரை எண்ணுகிறாள் என்று மட்டும் சொன்னேன். அவள் நம்பவில்லை. நாங்கள் தினமும் உரக்க எண்ணுவதைச் சுவர் வழியாகக் கேட்டே குழந்தை கற்றிருக்கிறது. கதவைத் திறந்ததும் குழந்தையின் எதிரே உட்கார்ந்து, தரையில் நான்கு தட்டச் சொன்னேன். தட்டியது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து அந்தக் குழந்தை காலையிலிருந்து மாலைவரை என்னிடம்தான். வெகுநாள் பயந்த முகத்தில்தான் பொத்தான் விழுந்தது. பிறகு மெதுவாக மாறியது. பேச்சு வரவில்லை, ஆனால் மற்றப் பிள்ளைகளைவிட முன்னதாகவே கூட்டலும் கழித்தலும் வந்துவிட்டன. அடுத்த வருடம் அம்மாவோடு கேளம்பாக்கம் பக்கம் குடிபோகும்போது, ஆட்டோவிலிருந்து கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

எத்தனையோ பிள்ளைகளுக்கு எண்ணக் கற்றுக்கொடுத்துவிட்டேன். இன்றும் ஒரு குழந்தை சொல்லும் கணக்கு என் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால், அதைத் திருத்த வாய் திறக்குமுன், நான் யாரையாவது எண்ணாமல் விட்டுவிட்டேனா என்றுதான் முதலில் சுற்றிப் பார்க்கிறேன்.