அம்மாவின் மேசை விசிறி

அறுபதுகளின் இறுதியில், தாயார் மறைந்த மழைக்காலம் அது. மாடம்பாக்கத்து வீட்டில் என் தங்கை லில்லி, அவருடைய இரும்பு மேசை விசிறியைத் தினமும் தொட்டபடி நிற்பாள்.

“அண்ணா, அம்மா என் கையைப் பிடிக்கிறாங்க. நீங்களும் தொட்டுப் பாருங்க!”

“உனக்குப் பைத்தியம்தான்” என்று நகைத்தவாறே, ஈரத்தரையில் வெறுங்காலுடன் நின்று தொட்டேன். எவரோ விரலைப் பற்றி மெல்ல இழுத்தார்கள். என் மேனி சிலிர்த்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விசிறியைத் திறந்து பார்த்தேன். உள்ளே எர்த் கம்பி அறுந்து கிடந்தது. விசிறியின் உடலில் கசிந்த மின்சாரம், என்றேனும் அவள் உயிரையே பறித்திருக்கும். கசிவைச் சரிசெய்து, எர்த் கம்பியை இணைத்தேன்.

மாலையில் லில்லி வெகுநேரம் விசிறியைத் தொட்டு நின்றாள்.

“அம்மா போயிட்டாங்கண்ணா” என்று தேம்பினாள்.

அவளைக் காப்பாற்றிய நிம்மதி எனக்குண்டு. ஆயினும் எந்த விசிறியைத் தொட்டாலும், அந்தப் பிடியை இன்றும் என் விரல்கள் எதிர்பார்க்கின்றன.