ஆனி முடிவதற்குள் பிரிந்த பெயர்கள்

‘1988 ஆனி, கடைசி வாரம். எல்லாம் பிரிந்தன.’ ஓரத்தில் துளையிட்ட கணிப்பொறித் தாள் ஒன்றின் பின்புறம் மைனி கையெழுத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. நாளைக் குறிக்காமல் விட்டாரே என்று எனக்கு இன்றும் குறை. முன்புறத்தில் ஆங்கிலத்தில் பெயர்கள். அவற்றின் நடுவே இருக்கும் இடைவெளி ஒவ்வொன்றும் மைனி உண்டாக்கியது.

மைனி என் அண்ணன் மனைவி. தென்காசியில் உரம் விற்ற மொத்தக் கடையில் நான் பில் எழுதினேன். அவர் கணிப்பொறியில் கணக்குப் போட்டார். வீட்டில் சண்டை பிடித்துச் சேர்ந்த வேலை அது. அவருக்கு முன்பு அங்கே இருந்த மதுரைப் பையன், இடம் மிச்சமாகும் என்று நம்பி, வாடிக்கையாளர் பெயர்களையெல்லாம் இடைவெளியே விடாமல் அடித்துவிட்டுப் போயிருந்தான். ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கியது ஒன்றே ஆறுதல். முதலாளி மகளுக்கு ஆவணியில் கல்யாணம். பத்திரிகை உறைகளில் ஒட்ட வேண்டிய பெயர்கள் அவை.

“ஏம்மா, ஆடி பொறந்துட்டுன்னா பத்திரிகைய வெளிய விடமாட்டேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆகலன்னா இந்தப் பெட்டியத் திருப்பி அனுப்பிருதேன். நீயும் வீட்டப் பாத்துப் போயிரலாம்” என்றார் முதலாளி அண்ணாச்சி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொன்னதைச் செய்கிறவர்.

கையால் திருத்தலாமே என்றேன். “அடுத்த கல்யாணத்துக்கும் கையாலயா, கொழுந்தனாரே?” என்றார் மைனி.

வெளியே சாரல். கடைப் பையன்கள் குற்றாலத்துக்குக் கிளம்பினார்கள். “அருவியில தலையக் காட்டிட்டு வாரோம், நீங்களும் வாரியளா மைனி?” “எனக்கு இங்கனயே எழுத்தாக் கொட்டுது, போங்கலே.”

அவர் செய்தது இதுதான். பெயரை ஓர் எழுத்துக்கு ஒரு கட்டமாகப் பிரித்தார். கணிப்பொறிக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண் பெரிய எழுத்தினுடையதா என்று ஒரு சூத்திரம் பார்க்கும். ஆமென்றால் முன்னால் இடைவெளி போட்டு எழுத்தை மறுபடி கோக்கும்.

மறுநாள் மதியம் முதல் தாள் வந்தது. “ஏலே, இங்கன வந்து பாரு! சம்பந்தி கடை பேரு கோழி கிண்டுன மாதிரில்லா வந்திருக்கு. வாங்குதவரு என்ன நெனப்பாரு?” என்று முதலாளி என்னைக் கூப்பிட்டார். சம்பந்தி கடைப் பெயரின் தொடக்கத்தில் மூன்று பெரிய எழுத்துகள். ஊரே ஒரே மூச்சில் சொல்லும் அந்த மூன்றும் தனித்தனியாக நின்றன. மைனி மறுபடி கணிப்பொறி முன் உட்கார்ந்தார். முன்னாலோ பின்னாலோ சின்ன எழுத்து இருக்கும் பெரிய எழுத்துக்கு மட்டும் இடைவெளி என்று சூத்திரத்தை மாற்றினார். மூன்றும் சேர்ந்துகொண்டன, அவற்றை அடுத்த ‘ஸ்டோர்ஸ்’ மட்டும் விலகி நின்றது.

பொழுது சாயுமுன் முதலாளி தாளை எட்டப் பிடித்து, சம்பந்தி பெயர்வரை விரலோட்டினார். “பெட்டி இங்கனயே கெடக்கட்டும்லே” என்றார் என்னிடம். பிறகு மைனியிடம், “எல்லார் பேரும் இருக்கு. ஒம் பேரு எங்கம்மா?”

இப்போது இந்த வேலையை என் மகனின் கணிப்பொறி நொடியில் முடிக்கிறது. ஆனாலும் இந்தத் தாளை நான் உறைபோட்டு வைத்திருக்கிறேன். கடைசி வரியில், மற்றவற்றைவிடச் சற்றே அழுத்தமான மையில், மைனி பெயர். எங்கள் வட்டாரத்தில் கணிப்பொறி எழுதிய முதல் கல்யாணப் பத்திரிகைப் பெயர்கள் இவைதான் என்று சொல்லிவருகிறேன். இதுவரை யாரும் மறுக்கவில்லை. உறுதிப்படுத்த என்னிடம் வேறு சான்றும் இல்லை.