நொச்சிக்குளம் பிரசிடெண்டின் நம்பிக்கையில்லாத் தீர்மானம்

ரேடியோப் பெட்டியின் பூட்டைத் திறந்ததும் குழல்வாய்மொழி முதலில் செய்யும் காரியம், குமிழை நோக்கி நீளும் கைகளைத் தட்டிவிடுவது. "செய்தி முடியட்டும். பாட்டு எங்கயும் ஓடிராது" என்பாள். நொச்சிக்குளம் பஞ்சாயத்து ரேடியோவின் சாவி, எலுமிச்சைத் தோட்டத்துச் சாவியோடு ஒரே வளையத்தில் அவள் இடுப்பில் தொங்குகிறது. சிலோன் பாட்டுக்காகக் கூடிய கூட்டம் முணுமுணுக்கும். அவள் டில்லிச் செய்தியை நின்றுகொண்டே கேட்பாள். நடுநடுவே வாசிப்பவரோடு சண்டைக்கும் போவாள். "அது கெடக்கட்டும், அந்த மெம்பரு கேட்டதுக்கு மந்திரி என்ன சொன்னாரு? அதைச் சொல்லும்" என்று பெட்டியைப் பார்த்து அதட்டுவாள்.

அனுமன் நதிக்கு மேற்கே, அச்சன்புதூரிலிருந்து ஆற்றில் இறங்கி ஏறினால் வருகிற ஊர் நொச்சிக்குளம். அதன் பஞ்சாயத்துத் தலைவி அவள். கீழத்தெரு நிறுத்தும் ஆளை மேலத்தெரு ஏற்காது. மேலத்தெரு ஆளைக் கீழத்தெரு ஏற்காது. பொம்பளைதானே, கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பாள் என்று இரண்டு தெருவும் கூடி நிறுத்தியதுதான் குழல்வாய்மொழி. சரித்திரத்தில் முதல் முறையாக இரண்டு தெருவும் ஒற்றுமையாக ஏமாந்தது அன்றைக்குத்தான்.

அவள் பிறந்தது செங்கோட்டையில், அது திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமையாக இருந்தபோது. பதற்றம் வந்தால் இன்னும் தண்ணீரை 'வெள்ளம்' என்றுதான் கேட்பாள். ஓடைக்கு ஒரு பாலம் வேண்டுமென்று அவள் அப்பா மகாராஜாவுக்கு மனுப் போட்டுக்கொண்டே இருந்தவர். பாலமும் வரவில்லை, பதிலும் வரவில்லை. ராஜ்யங்களைப் பிரித்து எல்லை போட்டபோது செங்கோட்டை சென்னையோடு சேர்ந்தது. சேர்ந்ததில் என்ன லாபம் என்று யாராவது கேட்டால் அவளிடம் பதில் தயார். "ராசாகிட்ட மனுதான் குடுக்கலாம். மந்திரிகிட்ட கேள்வி கேக்கலாம். ரெண்டும் ஒண்ணா?"

புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சை மூட்டையை இறக்கிவிட்டு, லாரிக்காரர்களுக்கு அவள் ராஜாங்கத்தைப் பிரித்துக் காட்டுவாள். தபாலும் ரயிலும் டில்லி பாடு. ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் மெட்ராஸ் பாடு. நர்சம்மாளை எந்த ஊரில் உட்கார வைப்பது என்பது யூனியன் பாடு. "எவன் பாடுன்னு தெரிஞ்சாத்தான எவன் சட்டையப் பிடிக்கணும்னு தெரியும்?"

அவள் பிடித்தது யூனியன் சேர்மன் முத்துக்குமாரசாமியின் சட்டையை. ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர்கள் எல்லாரும் யூனியன் கவுன்சிலுக்கு மெம்பர்கள். அவர்களுக்குள் ஒருவர் சேர்மன். நொச்சிக்குளத்துக்கு அனுமதியான பிரசவ ஆஸ்பத்திரி, எப்படியோ ஆற்றைத் தாண்டிச் சேர்மனின் சொந்த ஊருக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. மழைக்காலத்தில் ஆறு ஓடும். போன ஐப்பசியில் பக்கத்து ஊர்த் தலைவர் பேச்சிமுத்துவின் மருமகளை, வலி கண்ட நேரத்தில், கட்டிலோடு தலைக்கு மேலே தூக்கிக் கடந்தார்கள். அந்தப் பெண் பிழைத்தாள். பிள்ளை நடு ஆற்றிலேயே பிறந்து, கரை சேருமுன் அடங்கிவிட்டது. இந்த ஐப்பசிக்கு நொச்சிக்குளத்தில் இன்னும் மூன்று பெண்கள் மாசமாக இருந்தார்கள்.

கவுன்சில் கூட்டத்தில் குழல்வாய்மொழி எழுந்து கேட்டாள். "ஆத்துக்கு அந்தப் பக்கம் அனுமதியான ஆஸ்பத்திரி இந்தப் பக்கம் எப்பிடி வந்துச்சு?"

சேர்மன் நாற்காலியில் சாய்ந்தபடி, "அடுத்த விசயம்" என்றார். அடுத்த கூட்டத்திலும் கேட்டாள். அடுத்த விசயம். அதற்கடுத்த கூட்டத்தில் அவள் எழுவதற்கு முன்பே அடுத்த விசயம் வந்துவிட்டது.

அப்படியிருக்கும்போதுதான் அறுபத்துமூன்றாம் வருஷம் ஆவணி பிறந்த சமயத்தில் ரேடியோ அந்தச் செய்தியைச் சொன்னது. டில்லிப் பார்லிமெண்டில், சர்க்கார் மேல் நம்பிக்கையில்லை என்று முதல் தடவையாகத் தீர்மானம். பிரதம மந்திரி பதில் சொன்ன அன்று குழல்வாய்மொழி பாட்டு வைக்கவே மறந்து, பூட்டையும் போடாமல் வீட்டுக்கு ஓடினாள். அவள் புருஷன் குத்தாலிங்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கேட்டீயளா? நம்பிக்க இல்லன்னு ஒரு மெம்பரு மூஞ்சிக்கு நேரா சொல்லுதாரு. பிரதம மந்திரி உக்காந்து கேக்காரு. நாலு நாளாக் கேக்காரு. அப்பறம் எந்திரிச்சு நின்னு பதில் சொல்லுதாரு."

"தோத்துருவானுவ. அந்தப் பக்கம் ஆளு கம்மி" என்றார் குத்தாலிங்கம், மோரை ஊற்றிக்கொண்டு.

"தோத்தா என்னா? பதில் சொன்னாருல்லா?"

தீர்மானம் தோற்றுத்தான் போனது. அவளுக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. மறுநாளே குடையை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டாள். கேட்டால் பதில் சொல்லாத சேர்மன் மேல் எங்களுக்கு நம்பிக்கையில்லை, அவ்வளவுதான் வாசகம். சேர்மன் மேல் ஆளுக்கொரு கோபம் இருந்ததால் கையெழுத்துகள் விழுந்தன. பேச்சிமுத்துவும் போட்டார். தாள் ஆர்.டி.ஓ.விடம் போனது. கூட்டத்துக்கு நாள் குறித்தாயிற்று.

முத்துக்குமாரசாமி கோபப்படவில்லை. அது சாரல் காலம். ஒரு வேன் பிடித்தார். கையெழுத்துப் போட்டவர், போடாதவர் என்று பார்க்காமல் மெம்பர்களை ஏற்றிக் குற்றாலத்தில் ஒரு பங்களாவில் இறக்கிவிட்டார். காவலுக்குத் தன் மருமகன் தாணுமாலயனை வைத்தார். காலையில் எண்ணெய்க் குளியல், மதியம் கறிச்சோறு, சாயங்காலம் சீட்டு. பாதிப் பேராவது வந்து உட்கார்ந்தால்தான் கூட்டம்; வராவிட்டால் தீர்மானம் பேச்சில்லாமலே செத்துப்போகும். இந்தப் பக்கத்தில் தேர்தல் தகராறு என்றாலே அருவியில் ஆள்கூட்டம் கூடும் என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும். அவர்கள் நல்லெண்ணெயைக் கூடுதலாக வாங்கி வைப்பார்கள்.

கூட்டத்தன்று காலையில் குழல்வாய்மொழி முதல் பஸ்ஸில் குற்றாலம் போனாள். பேரருவி கொட்டிக்கொண்டிருந்தது. படித்துறையில் பத்துப் பதினைந்து மெம்பர்கள் எண்ணெய் மினுங்கக் குப்புறக் கிடக்க, முதுகில் மாலீஷ் நடந்துகொண்டிருந்தது. அவளைக் கண்டதும் ஒவ்வொருவராக எழுந்து, ஒன்றும் தெரியாதவர்கள்போல அருவிக்குள் புகுந்துகொண்டார்கள். ஆண்கள் குளிக்கும் இடம். அவள் உள்ளே வர முடியாது. அவள் ஒரு பாறையில் உட்கார்ந்து குடையை விரித்தாள்.

"எம்புட்டு நேரம் நிப்பீய? வெரலெல்லாம் சுருங்கிப் போவும், வெளிய வாங்க."

கொஞ்ச நேரத்தில் குளிர் தாங்காமல் பேச்சிமுத்து வந்தார். பிறகு மற்றவர்களும் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் தாணுமாலயன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"எனக்கு ஓட்டுப் போடுங்கன்னு கேக்க வரல" என்றாள் அவள். "சேர்மனுக்கே போடுங்க. வந்து உக்காருங்க, அது போதும்."

"எதுத்து ஓட்டுப் போடுங்கன்னு தீர்மானம் கொண்டாந்த ஆள இப்பத்தான் பாக்கேன்" என்றார் ஒருவர். பல் கிட்டிக்கொண்டிருந்ததால் சிரிப்பு உடைந்து உடைந்து வந்தது.

தாணுமாலயன் யோசித்தான். "அப்ப மாமா செயிச்சிருவாருல்லா?"

"செயிச்சிருவாரு."

"எல்லாரும் மாமாவுக்குத்தான் கை தூக்குவாவளா?"

"அவுகளக் கேளும்."

மெம்பர்கள் தலையாட்டினார்கள். அவர்களுக்கும் பெரிய நிம்மதி. சேர்மனைப் பகைக்கவும் வேண்டாம், ஒளிந்துகொண்டிருக்கவும் வேண்டாம். மாமா இருட்டில் தப்புவதைவிட வெளிச்சத்தில் ஜெயிப்பது மேல் என்று தாணுமாலயனுக்குப் பட்டிருக்க வேண்டும். அவனே எல்லாரையும் வேனில் ஏற்றினான். குழல்வாய்மொழிக்கு முன் சீட்டில் இடம் விட்டான். வழியெல்லாம் அவள் திரும்பித் திரும்பிப் பின்னால் இருப்பவர்களை எண்ணிக்கொண்டே வந்தாள். தென்காசி தாண்டியதும் "யாராவது கொஞ்சம் வெள்ளம் தாங்களேன்" என்றாள்.

யூனியன் ஆபீஸ் வாசலில் வேன் நின்றதும் முத்துக்குமாரசாமி முகம் வெளுத்தது. மருமகன் வெற்றிச் செய்தியோடு அவர் காதருகே போனான். அவர் அவனைப் பார்க்கவே இல்லை. ஆர்.டி.ஓ. தலைமை நாற்காலியில் இருந்ததால், சேர்மன் மற்ற மெம்பர்களோடு பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. எண்ணெய் வாசனை ஹாலை நிறைத்தது. தீர்மானத்தைப் படித்துவிட்டு ஆர்.டி.ஓ. கேட்டார்: "இதற்குச் சேர்மன் என்ன சொல்கிறார்?"

அடுத்த விசயம் என்று சொல்ல வழியில்லை. முத்துக்குமாரசாமி எழுந்தார்.

"நொச்சிக்குளத்துல கட்டடம் தயாரா இல்லைங்கய்யா."

"வைகாசியில சுண்ணாம்பு அடிச்சாச்சு" என்றாள் குழல்வாய்மொழி. "ஐயா இப்பவே வந்து பாக்கலாம்."

"நர்சம்மாவுக்கு அந்தப் பக்கம் தங்க வீடு இல்ல."

"எங்க வீட்டு மச்சு காலியாத்தான் கெடக்கு."

சேர்மன் ஜன்னல் பக்கம் பார்த்தார். காலைவரை தன் செலவில் குளித்தவர்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதிலை இப்போது அவர்களும் எதிர்பார்த்தார்கள். "ஐப்பசி பொறக்கையில ஆஸ்பத்திரி அங்கன மாறிரும்" என்றார் மெல்ல.

ஆர்.டி.ஓ. குமாஸ்தாவிடம் அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொன்னார். பேனா நகர்ந்து முடிகிறவரை குழல்வாய்மொழி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு ஓட்டெடுப்பு. தீர்மானத்துக்கு ஆதரவாக எழுந்தவை அவள் கையும் இன்னும் மூன்று கைகளும்தான். எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் ஆர்.டி.ஓ. மடமடவென்று கைகள் உயர்ந்தன. பேச்சிமுத்துவின் கை மட்டும் தோள்வரை வந்து, அவள் முகத்தைப் பார்த்து, அங்கேயே தயங்கி நின்றது. அவர் கண்கள் கலங்கியிருந்தன.

குழல்வாய்மொழி பெஞ்சைச் சுற்றி அவர் பக்கம் போனாள். "நல்லாத் தூக்குங்க அண்ணாச்சி, எண்ணுதவருக்குத் தெரிய வேண்டாமா?" என்று அவர் முழங்கையைப் பிடித்து உயர்த்தினாள். குமாஸ்தா அந்த வரிசையை எண்ணி முடிக்கிறவரை விடாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.