ஆபீசுக்குள் நடந்தவர்

ரப்பர் ஸ்டாம்பும் மை டப்பாவும் ஒருநாள் காலையில் ஹெட் கிளார்க்கின் மேசையை விட்டு எதிர்க்கோடி ஜன்னலுக்குக் குடிபோயிருந்தன. ஃபிஜித் தீவில் பா நகரத்து பஸ் கம்பெனி ஒன்றில் நான் அப்போது டைப்பிஸ்ட். டிரைவர்கள் கொண்டுவரும் ட்ரிப் சீட்டுகளைச் சரிபார்த்து ஸ்டாம்ப் குத்துவது ஹெட் கிளார்க்கின் வேலை. வருடக்கணக்காக நாற்காலியை விட்டு அசையாமல் குத்திக்கொண்டிருந்த மனிதர், அன்றிலிருந்து ஒவ்வொரு சீட்டையும் கையில் எடுத்துக்கொண்டு அந்த நீளமான ஆபீசின் மறுகோடிவரை போனார், நின்று குத்தினார், திரும்பி வந்து உட்கார்ந்தார். அடுத்த சீட்டுக்கு மறுபடியும் எழுந்தார். "பத்துச் சீட்டைச் சேத்து ஒரே நடையா முடிக்கலாமே அண்ணே?" என்று கேட்டேன். "அங்கதான் வெளிச்சம் நல்லா இருக்குது தங்கச்சி" என்றார். வெயில் அவர் மேசைமேல்தான் பளீரென்று விழுந்துகொண்டிருந்தது.

ஒரு விஷயம் புரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அடுத்த வாரம் தண்ணீர் கூஜாவும் ஜன்னலுக்குப் போனது. முதலாளியின் அறைக்கு போன் செய்வதை நிறுத்திவிட்டு நேரே நடந்து போய்க் கதவைத் தட்டினார். வெளியிலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று, பேசி முடிக்கும்வரை குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினார். பென்சில் விழுந்த சாக்கில் நான் குனிந்து பார்த்தேன். உட்கார்ந்திருக்கும்போதும் மேசைக்கடியில் இரண்டு பாதங்களும் தையல் மெஷின் மிதிப்பதுபோல் ஆடிக்கொண்டிருந்தன! மூலநோயாக இருக்குமோ என்று நினைத்தேன். ஏதாவது வேண்டுதலோ என்றும் நினைத்தேன். முதலாளி எங்களை வேவு பார்க்கச் சொல்லியிருப்பாரோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்தே பேசவில்லை.

ஜன்னலுக்குப் பக்கத்தில் டிக்கெட் கொடுக்கும் ஃபிஜியப் பூர்வகுடிப் பெண்மணிக்கு இது நல்ல வேடிக்கை. எதிர்ப்படும் ஆளை "எங்கே போகிறாய்?" என்று கேட்பது அவர்கள் வழக்கம், நாம் சௌக்கியமா என்று கேட்பதுபோல. அவர் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் "லாகோ இ வேய்?" என்பாள். "கடே" என்பார், அதாவது சும்மா உலாத்துகிறேன் என்று. இருவரும் சிரிப்பார்கள். இந்தியர்கள் கை ஓங்கிவிட்டது என்று ஃபிஜிய ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம் அது. ஊரில் யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது என்றே தெரியாமல் இருந்த நாட்களில், எங்கள் ஆபீசில் அந்தச் சிரிப்பு மட்டும் நிற்கவில்லை. ஆனால் ஒருநாள் அவள் கேட்டபோது முதலாளி அங்கே நின்றிருந்தார். இவர் முகம் வெளுத்துவிட்டது. சீட்டில் ஸ்டாம்ப் குத்தாமலே திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. முதலாளி கிளம்பியதும் ஒரு கடிதம் டைப் அடிக்கவேண்டும் என்று என் மேசைக்கு வந்தார். ஆபீசில் எல்லோரும் பேசுவது ஹிந்தி. தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். அதனால் ரகசியம் எல்லாம் தமிழில். "வெளிய சொல்லாத. சிட்னிக்கு எழுதிப் போட்டிருக்கேன்" என்றார். அங்கே இருந்த மகன் அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக்கொள்ள மனுப் போட்டிருந்தான். விசாவுக்கு மெடிக்கல் பார்த்த டாக்டர், சுகர் ஏறிக் கிடக்கிறது, மூன்று மாதத்தில் இறக்கிக்கொண்டு மனைவியோடு வா, இல்லாவிட்டால் இந்த ஃபைல் நகராது என்று சொல்லிவிட்டாராம். விடியற்காலையில் நடக்கலாம் என்றால் பாலத்தில் துப்பாக்கியோடு சிப்பாய்கள். சாயங்காலம் ஊரடங்கு. போகப்போகிறார் என்று முதலாளிக்குத் தெரிந்தால் மறுநாளே நாற்காலியில் வேறு ஆள். "வேற எங்க நடக்கறது, சொல்லு? பகல் பூரா இங்கதான கீறோம்." அடப் பாவமே, இந்த மனுஷனையா சந்தேகப்பட்டோம்! கடிதத்தை ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன்.

மறுநாளிலிருந்து நானும் சேர்ந்துகொண்டேன். தேவையே இல்லாத சந்தேகங்களைக் கேட்டு அவரை என் மேசைக்கு வரவழைப்பேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உட்காரவிடமாட்டேன். "அரே, நீ டாக்டரவிட மோசம்" என்பார். பேன்ட் இடுப்பில் தொளதொளத்தது, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டார். மூன்று மாதம் கழித்து மெடிக்கலுக்கு அண்ணியையும் கூட்டிப்போனார். சுகர் இறங்கியிருந்தது. அவர் பாஸ்.

அண்ணி பாஸாகவில்லை. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்ட டாக்டர் ரொம்ப நேரம் கேட்டாராம். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இருதயத்து வால்வைக் கெடுத்துவிட்டிருந்தது. படியேறினால் மூச்சு வாங்குவதை அண்ணி வயதுக் கோளாறு என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் சுகரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவளை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை, மூன்று மாதம் அவரை விரட்டிக்கொண்டிருந்த நானும் கேட்கவில்லை. நடந்து சரிசெய்கிற நோயா அது? ஃபைல் மூடிப்போனது. நீங்களாவது வாங்க என்று மகன் எழுதினான். அவர் போகவில்லை. ஆனால் நடையை மட்டும் விடவில்லை. "இனிமே எதுக்கண்ணே?" என்று நான் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. "அவளுக்கு மூச்சு நின்னா தூக்கினு ஓட ஆள் வேணும்ல" என்றார். அடுத்த சீட்டோடு எழுந்து போனார்.

இப்போது நான் பிரிஸ்பேனில் ஓர் ஆபீசில் இருக்கிறேன். இங்கே மேசையே பட்டனை அமுக்கினால் உயர்ந்து நம்மோடு நிற்கிறது. எழுந்திரு, நட என்று கைக்கடிகாரம் மணிக்கொரு தடவை நச்சரிக்கிறது. உடம்பு நன்றாக இருக்கத்தான். வேறு எதையும் அதற்குப் பணயம் வைக்கவேண்டியதில்லை. அங்கே அடுத்த தடவை ஆட்சி கவிழ்ந்தபோதுதான் எனக்கும் வீட்டுக்காரருக்கும் இந்த நாட்டு விசா வந்தது. அதை அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. என்ன முகத்தோடு சொல்வது? கடைசியில், வேலை முடிகிற நேரம் பார்த்து, "மெடிக்கல் பாஸ் ஆயிட்டேன் அண்ணே" என்றேன்.

வாழ்த்துச் சொல்வார் என்று நினைத்தேன். எந்த ஊர், எப்போது பிளேன் என்று எதுவும் கேட்கவில்லை. "வூட்டுக்காரரு நெஞ்சுல குழாய் வெச்சிக் கேட்டாங்களா? நல்லா கேட்டாங்களா?" என்றார்.

"கேட்டாங்கண்ணே. ரெண்டு பேரும் பாஸ்."

"ரெண்டு பேருமா?" என்று இன்னொரு தடவை கேட்டார். நான் தலையாட்டினேன். "அப்ப ஜல்தி போ, தங்கச்சி" என்றார்.