சென்சிபிள்

ஓசூரில் நான் முதலில் வேலை பார்த்த கம்பெனியில், தகட்டை அழுத்தி வெட்டும் ஒவ்வொரு பிரஸ் மெஷினிலும் ஒரு சிவப்புப் பட்டன் இருக்கும். காளான் குடை மாதிரி, உள்ளங்கையால் தட்டுவதற்கு வாகாக. எமர்ஜென்சி என்போம். தட்டினால் லைன் மொத்தமும் நின்றுவிடும். கை தெரியாமல் பட்டால்கூட மேலிருந்து ஆள் இறங்கி வந்து, யார் தட்டியது என்று விசாரிப்பார்கள். அதனால் மெஷினைவிட அந்தப் பட்டனுக்குத்தான் நாங்கள் அதிகம் பயந்தோம். பயப்படாமல் அதைத் தட்டி நான் பார்த்த ஒரே கை, எங்கள் லைன் லீடர் அக்காவுடையது. காய்ப்பு ஏறிய கை. வேலையில் வளையல் போடக் கூடாது என்பதால் எப்போதும் மூளியாகவே இருக்கும்.

அக்காவுக்கு ஊர் ஊத்தங்கரைப் பக்கம் கல்லாவி. புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு, ஓசூரில் எங்களோடு ஒரே அறையில் தங்கியிருந்தார். எத்தனையோ வருஷமாக கான்ட்ராக்ட். பர்மனென்ட் ஆனால் பிள்ளைகளை இங்கேயே கூட்டி வந்து பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்பதுதான் அவருடைய ஒரே பேச்சு. சோறு வடிக்கும்போதும் அதுதான், துணி காயப்போடும்போதும் அதுதான்.

ஒருநாள் காலை மீட்டிங்கில் மேனேஜர் எல்லார் முன்னாலும் அக்காவைக் காட்டி, "ஷி இஸ் எ வெரி சென்சிபிள் லேடி" என்றார். பெங்களூர்க்காரர். கன்னடம் கலந்த தமிழ் பேசுவார், பாராட்டு மட்டும் இங்கிலீஷில் வரும். நான் டிப்ளமோ படித்தவள் என்பதால் கேன்டீனில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சென்சிபிள்னா என்னாடி? சென்சாரு இருக்கிற ஆளுங்கறாரா?"

எங்கள் மெஷினில் சென்சார் உண்டு. கை குறுக்கே போனால் மெஷின் தானாக நின்றுவிடும். சென்சார் சரியாக இருக்கும்வரை ஒரு பச்சை விளக்கு எரியும். நான் சிரித்து முடித்து, நிதானம், விவேகம், நல்லது கெட்டது தெரிந்தவர் என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன்.

"அதையேதான நானும் சொல்றேன். கை உள்ள போனா நின்னுடணும். அதுக்குத்தான சென்சாரு" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் அறையில் அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம். சானமாவுக் காட்டுப் பக்கம் யானை நிற்கிறது என்று கம்பெனி பஸ்ஸைத் தூரத்திலேயே நிறுத்திய டிரைவர் அண்ணன் சென்சிபிள். மாப்பிள்ளை குடிப்பான் என்று தெரிந்ததும் கல்யாணத்தை நிறுத்திய பக்கத்து அறைப் பெண் ரொம்பவே சென்சிபிள்.

மேனேஜரிடம் இந்த மாதிரிச் சொற்கள் இன்னும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமையும் வருகிறேன் என்றால் பிராக்டிக்கல். கேன்டீன் சாம்பாரைப் பற்றி வாய் திறக்காவிட்டால் மெச்சூர்டு. எதையாவது நாங்கள் விழுங்க வேண்டியிருக்கும்போதுதான் அவை அவர் வாயில் வந்தன என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. அக்கா அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. பாராட்டை அப்படியே வாங்கிக்கொண்டார்.

அவசர ஆர்டர் ஓடிய ஒரு வாரத்தில், என் மெஷினின் சென்சார் காரணமில்லாமல் அடிக்கடி மெஷினை நிறுத்தியது. மெயின்டெனன்ஸ் ஆள் வந்து சென்சாரின் இணைப்பையே எடுத்துவிட்டுப் போனார். அதன்பிறகு மெஷின் நிற்காமல் ஓடியது. கையைப் பார்த்து வைம்மா, அவ்வளவுதான் என்றார்கள். நானும் விரலைப் பார்த்துப் பார்த்துத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் வந்த அக்கா, பச்சை விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்தார். உள்ளங்கையால் பட்டனைத் தட்டினார்.

மேனேஜர் வந்தார். கத்தவில்லை. "பிராக்டிக்கலா யோசிங்கம்மா. லோடு போகணும். உங்கள சென்சிபிள்னு நினைச்சனே" என்றார்.

"அதனாலதான் சார் நிறுத்துனேன்" என்றார் அக்கா.

எதிர்த்துப் பேசியதாக எல்லாரும் நினைத்தார்கள். இல்லை. மேனேஜர் சொன்னதைத்தான் செய்திருக்கிறோம் என்று அக்கா மனசார நம்பினார். பாராட்டுக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றார்.

சாயங்காலத்துக்குள் புது சென்சார் வந்துவிட்டது. மாதக் கடைசியில் அக்காவின் கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கவில்லை. காரணம் சொல்லவும் யாரும் வரவில்லை. ஊத்தங்கரை பஸ்ஸில் பையைத் தூக்கி வைத்துவிட்டு, "சென்சார மறுபடி கழட்டுனா மெஷின்ல உட்காராதடி" என்று என்னிடம் சொன்னார். பிள்ளைகளைப் பற்றி அன்று பேசவே இல்லை.

ஊரில் களையெடுக்கவும் கடலை பறிக்கவும் போனார். வேலையோடு, இலவச வைத்தியத்துக்கு இருந்த இ.எஸ்.ஐ. கார்டும் போயிருந்தது. இந்த வருஷம் கடலை பறிப்பு நேரத்தில் அக்கா இறந்துவிட்டதாகத் தகவல் வந்து கல்லாவிக்குப் போனேன். அக்காவின் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"நெஞ்சு வலிக்குதுன்னு ரெண்டு மூணு நாளா சொல்லினே இருந்தா. ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாடின்னேன். இந்தக் காட்ட முடிச்சுட்டு வரேன்னா" என்றார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஊரார் கைக்கெல்லாம் நிற்கத் தெரிந்த மனுஷிக்குத் தன் நெஞ்சுக்கு நிற்கத் தெரியவில்லையே. அந்தக் கோபத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை.

இப்போது வேறொரு கம்பெனியில் நான் சூப்பர்வைசர். எனக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றி வருஷா வருஷம் கம்ப்யூட்டரில் ஒரு சொல் தேர்ந்தெடுக்க வேண்டும். ப்ரூடன்ட், பிராக்டிக்கல், மெச்சூர்டு என்று வரிசையாக வரும். சென்சிபிளும் இருக்கிறது. எத்தனையோ நல்ல பெண்கள் என்னிடம் வேலை செய்திருக்கிறார்கள். அதை மட்டும் யாருக்கும் நான் தொட்டதில்லை.

போன வாரம் திடீரென்று லைன் நின்றது. ஓடிப் போனேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, சிவப்புப் பட்டன் மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றிருந்தாள்.

"பச்சை லைட்டு விட்டு விட்டு எரிஞ்சுதுக்கா. பயந்து தட்டிட்டேன்" என்றாள்.

"சென்சிபிள்" என்றேன்.

"அப்படின்னா என்னக்கா?" என்று கேட்டாள். சொல்ல வாயைத் திறந்தேன். கல்லாவியில் வராத அழுகை அப்போது வந்தது.